செந்தூல் பாட்டி வீடு

8 ஜூன் 2024, சனி
கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பாட்டி வீட்ட சுத்தம் பண்ண பசங்களோட போனேன். தாத்தா ரயில்வேல இருந்தவரு, இப்ப இல்ல, பாட்டி மட்டும் தனியா. கேட்டே திறக்க முடியல, லாலாங் புல்லு இடுப்பு வரைக்கும் மண்டி கிடக்கு. பின்னாடி பெயின்ட் வாளி, பழைய டயர், பூச்சட்டி எல்லாத்துலயும் மழைத்தண்ணி, குனிஞ்சு பார்த்தா புழு நெளியுது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதுவும் டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு முட்டை காஞ்ச வாளி ஓரத்துல கூட மாசக்கணக்கா உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால தண்ணிய கொட்டினா பத்தாது, பிரஷ் போட்டு உள்பக்கம் தேய்க்கணும், பசங்கள விடாம தேய்க்க வச்சேன்.

9 ஜூன், ஞாயிறு
ஹால்ல தமிழ் நேசன் பேப்பர் கட்டு கட்டா தலை உயரத்துக்கு. அந்த பேப்பர் 2019லயே நின்னு போச்சு, பாட்டி ஒன்னக்கூட தூக்கிப் போடல. ஒரு தம்பி மடமடன்னு கறுப்பு பையில அள்ள ஆரம்பிச்சான், பாட்டி கை நடுங்குது, "அத தொடாதப்பா"ன்னு ஒரே வார்த்தை. எல்லாரும் நிறுத்திட்டோம். பைய திரும்ப கொட்டி ஒவ்வொரு கட்டா அவங்க பக்கத்துல உட்கார்ந்து பிரிச்சா, நடுவுல தாத்தா பென்ஷன் கடிதம், வீட்டு கிராண்ட், அதான் வீட்டுப் பத்திரம்! இப்படி சேத்து வைக்கிறத சோம்பேறித்தனம்னு பேசுறவங்கள பார்த்தா எனக்கு கோபம் வருது. சிலருக்கு அது நோய், மனநல டாக்டருங்க 2013ல அத தனி நோயாவே சேத்துட்டாங்க. பாட்டிக்கு அதுவான்னு சொல்ல நாம யாரு, ஆனா அவங்க தலையாட்டாம ஒரு துண்டு காகிதம் கூட வெளிய போகாது, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

15 ஜூன், சனி
அடுப்படி. எலி புழுக்கை. காஞ்சத அப்படியே கூட்டக்கூடாது, தூசி மூக்குல ஏறும், குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணி தெளிச்சு ஊறவிட்டு துணியால துடைக்கணும். எலி மூத்திரம் கால் புண்ணு வழியா உள்ள போனா காய்ச்சல்ல படுக்க வச்சிடும், செருப்போட வந்தவங்கள பூட்ஸ் மாட்டிட்டு வர சொல்லி அனுப்பினேன்.
மெத்தைய உடனே வெளிய வைக்கல. கோலாலம்பூர்ல பெரிய சாமானும் தோட்டக்குப்பையும் வாரத்துக்கு ஒரு நாள்தான் லோரி எடுக்கும், அதுக்கு முன்னாடி போட்டா மழையில நனைஞ்சு தெருவுக்கே தொல்லை.

22 ஜூன், சனி
குளியலறை தொட்டிய மட்டும் பாட்டி விட மாட்டேங்கறாங்க, "தண்ணி வெட்டு வந்தா நீயா கொண்டு வருவ?" நியாயம்தான். கொசுப்புழுவ கொல்ற ஏபேட் மருந்து போட்டு மூடி வச்சாச்சு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வாரம் ஒரு தடவ எட்டிப் பார்க்கறேன்னு சொல்லிட்டாங்க, நாசி லெமாக் வேற கட்டி கொடுத்தாங்க.
அடுப்படி மேல தகரம் ஓட்டையா ஒழுகுது. தகர வேலை தெரிஞ்சவங்க செந்தூல் பக்கம் இருந்தா சனிக்கிழமை வாங்க, ஏணி எங்ககிட்ட இருக்கு.