திருவனந்தபுரம் – லண்டன்: தூரம் படுத்தவில்லை, டிக்கெட்தான் படுத்தியது

திருவனந்தபுரத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 8,400 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. துபாய் வழி என்றால் 2,950, பிறகு 5,500. சுற்று என்று பார்த்தால் 50 கி.மீ.தான் கூடுதல். வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிக்கெட்டில்தான் மாட்டிக்கொண்டேன். விலை குறைகிறது என்று ஏஜென்ட் இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனியாகப் போட்டுவிட்டார். இரண்டு பி.என்.ஆர்., அதாவது இரண்டு தனித்தனி முன்பதிவு எண். "ஒரு பிரச்சினையும் வராது சார்" என்றார். செக்-இன் கவுண்டரில் பெட்டியில் ஒட்டிய பட்டையைப் பார்த்தால் துபாயின் மூன்றெழுத்தான டி.எக்ஸ்.பி. மட்டும் இருக்கிறது. அதாவது துபாயில் இமிக்ரேஷன் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அமீரக விசா வேண்டும், என்னிடம் இல்லை. கவுண்டரில் இருந்தவர் "அது வேற டிக்கெட்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லி இரண்டாவது டிக்கெட்டின் பிரிண்டைக் காட்டினேன். இரு நிறுவனங்களுக்கும் இடையே பெட்டி மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்ததால் பழைய பட்டையைக் கிழித்து, எல்.எச்.ஆர். (ஹீத்ரோ) வரை புதுசு ஒட்டினார்கள். நாற்பது நிமிடம் போனது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் வந்த காரிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பி.என்.ஆரில் போடச் சொல்லுங்கள். பட்டையில் கடைசி ஊரின் மூன்றெழுத்தைப் படித்துவிட்டே கவுண்டரை விட்டு நகருங்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். அதிகாலை 4.15க்குக் கிளம்பி மதியம் 1.15க்கு லண்டன் என்றால் ஒன்பது மணி நேரம் போலத் தெரியும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்தால் பதினாலரை. அதில் பறப்பது 4 மணி 15 நிமிடமும் 7 மணி 30 நிமிடமும், மீதி துபாயில் காத்திருப்பு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணிதான். திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன் – துபாய் அரை மணி போலக் குறையும்.

15ஆம் தேதி அதிகாலை விமானம் என்றால் எங்கள் ஊர் நாகர்கோவிலிலிருந்து கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. இதில் தேதி பிசகி விமானத்தை விட்டவர்கள் நம் பக்கம் உண்டு. கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலுக்குச் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். காரோடு என்ற ஊரிலிருந்து பைபாஸைப் பிடித்தால் பாலராமபுரம் நெரிசல் மிச்சம். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். டிரைவரிடம் "சாக்கை, இன்டர்நேஷனல்" என்று சொல்லிவிடுங்கள். வெறும் ஏர்போர்ட் என்றால் சங்குமுகம் பக்கம் உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிடுவார். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் அது. பெட்டியோடு நடந்து வர முடியாது, சுற்றித்தான் வர வேண்டும்.

பங்குனி, ஐப்பசி திருவிழாக்களில் சாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு நாட்களில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும். மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் இறங்காது, ஏறாது. அந்தத் தேதியில் மாலை டிக்கெட் போட்டிருந்தால் புது நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.