சத்தத்தைக் குறைக்காத பையன்

பத்து நாளாக ஒரே ஆல்பம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் புளூஸ் இசைக்கலைஞர் ஜான் மேயாலின் குழு 1966-இல் வெளியிட்ட 'புளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்'. அட்டைப்படத்தில் நாலு பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்க, கிதார்காரர் கிளாப்டன் மட்டும் கேமராவைக் கண்டுகொள்ளாமல் 'பீனோ' என்ற சிறுவர் சித்திரக்கதை இதழைப் படித்துக்கொண்டிருப்பார். அதனால் 'பீனோ ஆல்பம்' என்றால்தான் ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும்.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. மேயாலின் குரல் மெலிசு, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி. ரே சார்ல்ஸின் 'வாட் ஐ சே'க்கு நடுவே வரும் டிரம் சோலோவை இன்றும் தாண்டித்தான் போகிறேன்.

கிதார் பழக ஆரம்பித்த பிறகுதான் மாட்டிக்கொண்டேன். புளூஸ் கிதார்காரர் ஃப்ரெடி கிங்கின் 'ஹைட் அவே'யை இதில் கிளாப்டன் வாசித்திருக்கிறார். அதைப் பழக மூன்று மாதம் ஆனது. ஸ்வரமெல்லாம் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் சத்தம்? கொசு பறக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு வால்யூமை இரண்டில் வைத்துக்கொண்டு வாசித்தால் வேறென்ன வரும்!

லண்டன் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டூடியோவில் பதிவு நடந்த கதையைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. கிளாப்டனுக்கு அப்போது 21 வயது. கையில் கிப்சன் லெஸ் பால் கிதார், பின்னால் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர். மேடையில் வைக்கிற சத்தத்திலேயே வாசிப்பேன், குறைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜனுக்குத் தலைவலி. டிரம்முக்கு வைத்த மைக்கிலும் கிதார்தான் விழும். தயாரிப்பாளர் மைக் வெர்னன் பையன் பக்கம் நின்றார். அந்தச் சத்தத்தில் ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் திணறி ஒலி தடிக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப வந்து தந்தியை அதிர வைக்க, ஸ்வரம் சாகாமல் நீள்கிறது. இதை என் சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் 'டிஸ்டார்ஷன்' திருகில் தேடிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

'ஹேவ் யூ ஹர்ட்' பாட்டைக் கேளுங்கள். சாக்ஸபோனில் நிதானமாகத் தொடங்கும். பாதியில் கிதார் சோலோ வரும்போது துணி கிழிகிற மாதிரி இருக்கும். அடுத்து, பழைய புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் 'ராம்ப்ளிங் ஆன் மை மைண்ட்'. அவ்வளவு முரண்டு பிடித்த கிளாப்டன் முதன்முதலாக முழுப்பாட்டு ஒன்றைத் தானே, மேயாலின் பியானோவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு, கூச்சத்தோடு பாடுகிறார். ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஜூலையில் ஆல்பம் வந்து பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. அதற்குள் கிளாப்டன் 'க்ரீம்' குழுவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக மேயால் பீட்டர் கிரீன் என்ற கிதார்காரரைப் பிடித்துக்கொண்டார். அந்த லெஸ் பாலோ சீக்கிரமே திருடு போனது. அப்புறம் கிளாப்டனுக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

போன ஞாயிறு வீட்டில் யாரும் இல்லை. வால்யூமை முழுசாகத் திருப்பி 'ஹைட் அவே'யின் முதல் வரியைத் தொட்டேன். பெட்டி கீச்சென்று அலறியது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஆனால் ஒரு ஸ்வரம் மட்டும், விரலை அசைக்காமலே, நின்று பாடியது. இரண்டாவது வரிக்குப் போக மனசே வரவில்லை.