வக்கீலுக்குப் படிக்க எந்த டிகிரி? நான் வரலாறு எடுத்த கதை

2014-இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு டிகிரி சொன்னார்கள். நான் வக்கீலுக்குப் படிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு என் மார்க் எட்டவில்லை. அதனால் முதலில் மூன்று வருடம் ஒரு டிகிரி, அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. மொத்தம் ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான். எந்த டிகிரி என்பதில்தான் தகராறு. பி.காம் எடுத்தால் கேஸ் கிடைக்காவிட்டாலும் பேங்க் பரீட்சை எழுதலாம் என்றார் பெரியப்பா. டீச்சராக இருக்கும் சித்தி இங்கிலீஷ் லிட்டரேச்சர் என்றாள். அம்மாவுக்கு எதுவானாலும் சம்மதம், வரலாறு மட்டும் ஆகாது. "சரித்திரம் படிச்சிட்டு எங்க மக்ளே போவ?"

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர், இந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் என்னைக் குழித்துறை கோர்ட்டுப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கூட்டிப்போனார். அந்தக் குமாஸ்தா மாமா பழைய ஆதாரம் ஒன்றை, அதாவது நிலப் பத்திரத்தை, மேசையில் விரித்து வைத்திருந்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய காகிதம். முழுக்க மலையாள எழுத்து. அவர் விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார்: "ஆயிரத்து நூற்று ஒன்பது, மேடம் பன்னிரண்டு."

"சோழர் காலத்து ஆதாரமா மாமா?" என்று கேட்டேன். "மேடம்" யார் என்று கேட்க நினைத்ததை நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

சிரித்து முடித்தபின் சொன்னார். அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் இங்கிலீஷ் வருடம் வரும். சிங்கம், அதாவது ஆவணி, பிறந்ததிலிருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதி என்றால் 824 கூட்ட வேண்டும். மேடம் என்பது சித்திரை. ஆக, 1934. 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் இப்படிப்பட்ட ஆதாரங்கள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது. ஒரு காகிதத்தின் தேதியைக்கூடப் படிக்கத் தெரியாமல் எப்படி வக்கீலாவது? பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகள் என் மாதிரி உணர்ச்சியில் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காக ஒரு விஷயம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்று வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கைப் பார்த்துத்தான் சீட். எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கினாலும் சரி. பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 40 சதவீதம் என்பது விண்ணப்பிக்கத்தான். கவுன்சிலிங்கில் நிற்க அது போதாது. இது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரியும். அதற்குள் முதல் வருடத்தில் ஒரு அரியர், இரண்டு பேப்பரில் தப்பிப் பிழைத்த மார்க். அப்புறம் மூச்சைப் பிடித்துப் படித்துத்தான் சதவீதத்தை மேலே கொண்டுவந்தேன். அதனால் மார்க் வாங்க முடிகிற பாடமா என்று முதலிலேயே பாருங்கள். கணக்கு நன்றாக வருமென்றால் பி.எஸ்சி கணக்கே எடுங்கள், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேரளாவில் சேரும் எண்ணமிருந்தால் கதை வேறு, அங்கே நுழைவுத் தேர்வு உண்டு.

இன்னொன்று, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி சட்டப் படிப்புக்குச் செல்லாது. எங்கள் உறவில் ஒரு அண்ணன் மூன்று வருடம் பணம் கட்டிப் படித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டான்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்தபடி போவேன், பெரும்பாலும் நின்றுகொண்டு. வகுப்பில் எல்லா டிகிரிக்காரர்களும் இருந்தார்கள். கம்பெனிச் சட்டம், வரி என்றால் பி.காம் பிள்ளைகள் முந்திவிடுவார்கள். பக்கத்தில் இருந்த கெமிஸ்ட்ரிக்காரி காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் தேர்வு எழுதப் போவதாகச் சொன்னாள். அதற்கு அறிவியல் அல்லது பொறியியல் டிகிரி கட்டாயம் என்பதால், எனக்கு அந்தக் கதவு பி.ஏ. சேர்ந்த அன்றே சாத்தியாயிற்று. முதல் செமஸ்டரில் வெறும் சட்டப் புத்தகத்தின் இங்கிலீஷே என்னை அடித்துப் போட்டது. சித்தி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

குடும்பச் சட்டத்தில், அப்பா சொத்தில் பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கு வந்தபோதுதான் வரலாறு கை கொடுத்தது. திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். 1951-இலேயே அந்தச் சட்டம் போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றவர்கள் அதை கேரளத்து வழக்காக எழுதிக்கொண்டார்கள். எனக்கோ, 1951-இல் நாங்களும் அதே ராஜ்யத்துக் கிறிஸ்தவர்கள்தானே என்று உறைத்தது.

அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். 1962-இல் தாத்தா இறந்தபின் எழுதிய பாகப் பத்திரம். 48 சென்ட், மூன்று மகன்கள் பெயர். அத்தை பெயர் எங்குமே இல்லை. அத்தை அன்று வீட்டில்தான் இருந்தார், மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டு. நான்கு பவுனும் ஒரு பெட்டியும் தந்து கட்டிக்கொடுத்தார்கள், பெண்ணுக்கு அதுதானே சட்டம் என்றார். விளக்கிச் சொன்னேன். இத்தனை வருடத்துக்குப் பின் கேஸ் போட்டாலும் நிற்பது கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"கேஸ் எல்லாம் வேண்டாம் மக்ளே. எனக்குள்ளது எவ்வளவு வந்திருக்கும்?"

இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு 16 சென்ட் போக, மீதி 32. பிள்ளைகள் நாலு பேர்.

"எட்டு சென்ட் அத்தை."

கிழங்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு" என்றார். அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.