துணி டயப்பரும் எங்கள் வீட்டு உப்புத் தண்ணியும்

பாண்டி கோயிலில் மகளுக்குக் காது குத்தும்போது வழக்கம்போல் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி இரண்டாவது காதில் கை வைத்ததும் பிள்ளை வீறிட்டது, அதே நொடியில் மச்சானின் பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்துபோனது. லேசான கசிவு என்றால்கூடப் பரவாயில்லை, இடுப்பில் டயப்பர் என்று ஒன்று கட்டவே இல்லை என்பதுபோல் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. மச்சான் தங்கமான ஆள். "மாமா, ஓட்டை டயப்பரா பாத்து வாங்கிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு வேட்டியைப் பிழிந்தான். என் மாமியார் சிரிக்கவில்லை.

அந்த டயப்பரில் ஓட்டை எதுவும் இல்லை. குற்றவாளி எங்கள் வீட்டு போர் தண்ணீர். அதைக் கண்டுபிடிக்க அதற்கப்புறமும் இரண்டு மாதம் ஆனது, தேவையில்லாமல் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவும் ஆனது. மதுரையில் போர் தண்ணீரை நம்பித் துணி டயப்பர் வாங்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் டயப்பர் துவைப்பது நான். ராத்திரி எழுந்து பால் கொடுப்பது மனைவி, காலையில் வாளியைத் தூக்குவது நான் என்று ஒப்பந்தம். பிள்ளை தை மாதம் பிறந்தது. முதல் இரண்டு மாதம் அம்மா கிழித்துக் கொடுத்த அப்பாவின் பழைய வேட்டித் துண்டுகளிலேயே ஓடிவிட்டது. நனைந்தால் உருவு, அலசு, கொடியில் போடு, அவ்வளவுதான். ஆனால் பங்குனி வெயிலில் கடையில் வாங்கும் டயப்பரை ராத்திரிக்கு மட்டும் போட்டதற்கே தொடை இடுக்கு சிவந்துவிட்டது. தினம் ஐந்தாறு போட்டால் குப்பை எவ்வளவு சேரும் என்ற கவலையும் இருந்தது. 2016 திடக்கழிவு விதிகளிலேயே டயப்பரைத் தனியாகச் சுற்றித்தான் போடவேண்டும் என்று இருந்தது, எங்கள் தெருவில் யாரும் சுற்றுவதில்லை. குப்பை வாங்க வரும் அக்கா அதைக் கையால் பிரிப்பதைப் பார்த்த அன்றைக்குத்தான் இனி முழுக்கத் துணி டயப்பர்தான் என்று முடிவு செய்தேன்.

ஆனால் வாங்கியது அதற்கு முன்பே, அதில் நான் செய்த முதல் தப்பு அவசரம். பிள்ளை பிறந்த ஒரு மாதத்திலேயே, தள்ளுபடி போகிறது என்று ஆன்லைனில் பன்னிரண்டு 'பாக்கெட்' டயப்பர் வாங்கி வைத்துவிட்டேன், 4,200 ரூபாய். வெளியே நீர் புகாத கவர், உள்ளே ஒரு பை, அந்தப் பைக்குள் செருக மைக்ரோஃபைபர் பட்டை. '5 கிலோ முதல் 17 கிலோ வரை ஒரே சைஸ்' என்று போட்டிருந்தது. எங்கள் பிள்ளைக்கு அப்போது எடை 3.4 கிலோ. எல்லா பட்டனையும் கடைசி வரிசைக்கு இறுக்கியும் தொடைப் பக்கம் என் இரண்டு விரல் தாராளமாகப் போகிற இடைவெளி. போட்டுப் பார்த்த ஒன்றைத் துவைத்துவிட்டேன் என்பதற்காக மீதிப் பதினொன்றையும் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிக்காத உறையோடு இருக்கிறது என்று நாலு முறை போன் போட்டேன், நாலு முறையும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்". சரி, பிள்ளை வளரட்டும் என்று பீரோவில் வைத்தேன். ஐந்து கிலோ தாண்டியதும் அழகாகப் பொருந்தியது, அதைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம்தான் வாடை ஆரம்பித்தது. காய்ந்து மடித்து வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பிள்ளை ஒரு தடவை ஒண்ணுக்குப் போனதும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைத் திறந்தமாதிரி கண் எரியும். கூடவே கசிவு. மூன்று மணி நேரம் தாங்கியது முக்கால் மணி நேரத்துக்கு வந்தது. காது குத்து நடந்தது இந்தக் கட்டத்தில்தான்.

இதற்கு நான் பார்த்த வைத்தியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாடை வருகிறதே என்று சோப்புத் தூளை இரண்டு மடங்காக்கினேன். பட்டை அட்டைமாதிரி விறைத்ததும் துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். அந்தத் திரவம் நூலின்மேல் வழுவழுப்பாக ஒரு பூச்சு பூசித்தான் துணியை மெத்தென்று ஆக்குகிறது, டயப்பரில் அந்தப் பூச்சு படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பாட்டிலின் பின்பக்கம் டயப்பருக்கு ஆகாது என்று எதுவும் போடவில்லை, நானும் யோசிக்கவில்லை. அடுத்து, பட்டை போதவில்லை போலிருக்கிறது, மூங்கில் நார் பட்டை வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விளக்குத்தூணில் ஆரம்பித்து தெற்கு மாசி வீதி முழுக்கக் கடை கடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர் "மூங்கிலா? கூடைக் கடையில கேளுங்க தம்பி" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே வழி சொன்னார். வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போன அந்த நடையில் கிடைத்த ஒரே பிரயோஜனம் நாலு மீட்டர் மல் துணி. அது பின்னால் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

அம்மா பங்குக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். வாடை போக வேண்டுமென்றால் கொதிக்க வைக்கவேண்டும் என்று நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து மூன்று டயப்பரைக் குண்டானில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். வேட்டித் துண்டைக் கொதிக்க வைக்கலாம், தப்பே இல்லை. கவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் அந்தச் சூட்டைத் தாங்காது. மூன்றிலும் தோல் உரிந்தமாதிரி படலம் கழன்று வந்தது. "அந்தக் காலத்துல நாங்க அவிச்சுத்தான் எடுத்தோம், இப்ப வர்றது எதுதான் தாங்குது" என்று கடைசிவரைக்கும் டயப்பரைத்தான் திட்டினார்கள். பிள்ளைக்குத் தினம் தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேலேயே டயப்பரைப் போட்டதும் அம்மாதான். அந்த எண்ணெயும் துணியில் ஏறி நீரை உள்ளே விடாமல் பண்ணும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அம்மாவுடைய எண்ணெயைவிட என்னுடைய மென்மையாக்கும் திரவம் பத்து மடங்கு கெடுதல் செய்தது.

உண்மை வெளியே வந்தது குடிதண்ணீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்த தம்பியால். நான் வராந்தாவில் உட்கார்ந்து துவைத்துக் காய்ந்த பட்டையின்மேல் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சேம்பிலையில் விட்டதுமாதிரி முத்து முத்தாக நின்று உருண்டு ஓடியது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள், நல்ல பட்டை என்றால் விட்டவுடன் குடித்துவிடும். அவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எந்தத் தண்ணியில துவைக்கிறீங்க?" என்று கேட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கக் கையோடு கொண்டு வந்த மீட்டரைப் போர் தண்ணீரில் விட்டான். லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் காட்டியது. குடிதண்ணீருக்கு நம் நாட்டுத் தரம் 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000. எங்கள் வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் காட்டி, "இதேதான் உங்க டயப்பர்லயும் இருக்கு" என்றான்.

ஆனால் அந்த மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். நமக்குப் பகை கால்சியமும் மக்னீசியமும்தான், அவைதான் தண்ணீரைக் கடினமாக்குகின்றன. அவை சோப்போடு சேர்ந்து திப்பியாகி நூலில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தூள் அப்படித் திரிவதில்லை என்றாலும் அதன் வேலையில் பாதியை இந்தத் தண்ணீரே தின்றுவிடும். அரைகுறையாகத் துவைத்த பட்டையில் சிறுநீரின் மிச்சம் தங்கும், அதைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றும், வாடை அங்கிருந்துதான். வீட்டிலேயே தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. இரண்டு பாட்டிலில் பாதி பாதி தண்ணீர், ஒன்றில் போர், ஒன்றில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். குழாய்த் தண்ணீர் நுரைத்து நின்றது. போர் தண்ணீரில் நுரையே இல்லை, பால் திரிந்தமாதிரி வெள்ளைத் துகள் மிதந்தது. இரண்டு மாதம் வாடையோடும் கசிவோடும் மல்லுக்கட்டியதற்குப் பதில் இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

சரி, வாஷிங் சோடா போட்டால் கடினத்தன்மை குறையும் என்று படித்துவிட்டுக் கீழமாசி வீதிக்குப் போனேன். "சோடா மாவு" என்று கேட்டேன், பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால் ஆப்பச் சோடா. அம்மா அதைப் பணியாரத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். மறுபடியும் போய் "துணி துவைக்கிற சோடா, சலவைச் சோடா" என்று தெளிவாகக் கேட்ட பிறகுதான் கிடைத்தது. இதைத் தோலில் படாமல் கையாளுங்கள், எரிச்சல் தரும், பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் தண்ணீருக்கு 20 லிட்டர் வாளிக்கு இரண்டு டீஸ்பூன் கணக்கு. கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் விட்டால் அடியில் சுண்ணாம்புமாதிரி படியும், மேலாகத் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுக்கவேண்டும். அப்படியே மொத்தமாக ஊற்றினால் அந்தச் சுண்ணாம்பும் துணியில்தான் போய் உட்காரும். இன்னொன்று, சோடா போட்டபிறகு மீட்டரில் எண் குறையாது. நான் குறையவில்லையே என்று ஒரு வாளியைக் கீழே கொட்டிவிட்டேன். கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்திருக்கிறது, மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

பழைய படிமத்தை எடுக்கப் பட்டைகளை மட்டும் வெந்நீரும் சோடாவும் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் அந்த வாளியைப் பார்த்தவர்கள் சோறு சாப்பிட முடியாது, சாக்கடைச் சாம்பல் நிறம். அப்புறம் சோப்பே போடாமல் மெஷினில் அலசினாலும் நுரை வந்தது, எல்லாம் உள்ளே தேங்கியிருந்த பழைய சோப்பு. நாலாவது அலசலில் நுரை நின்றது.

இப்போது நடப்பது இது. வைகைத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை வரும், டயப்பருக்கென்று தனியாக ஒரு டிரம் பிடித்து வைக்கிறேன். மூத்திரத் துணியை அன்றன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுவேன், இதற்குப் போர் தண்ணீர் போதும். மலம் என்றால் கழிப்பறைக் குழாயைப் பீய்ச்சி அங்கேயே தள்ளிவிட வேண்டும், வாளிக்குள் கொண்டுவரக் கூடாது. தாய்ப்பால் மட்டும் குடித்தவரைக்கும் அது தண்ணீரிலேயே கரைந்து போனது, கூழும் இட்லியும் ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை டிரம் தண்ணீரில் மெஷின். எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக், தண்ணீரை நாமே ஊற்றுவதால் இந்த வேலைக்கு அதுதான் தோது. சோப்புத் தூள் மூடியில் போட்டிருக்கும் அளவு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கவர்களை முறுக்கிப் பிழியாதீர்கள், எலாஸ்டிக் தொங்கிவிடும். பட்டைகளை மொட்டைமாடி வெயிலில், கவர்களை நிழலில். மஞ்சள் கறை இருந்தால் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், மதுரை வெயில் ஒரே நாளில் வெளுத்துக் கொடுத்துவிடும். மைக்ரோஃபைபர் பட்டையை மட்டும் பிள்ளையின் தோலில் நேராகப் படவிடாதீர்கள், தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிப் புண்ணாக்கிவிடும், பைக்குள்தான் போகவேண்டும். சிவப்பு இரண்டு மூன்று நாளில் அடங்காமல் ஓரங்களில் பொரிப்பொரியாகக் கிளம்பினால் பவுடர் போட்டுக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கு வந்தது பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்தே வேறு.

ஐப்பசி அடைமழையில் இந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. மைக்ரோஃபைபர் பட்டை தடிமன், வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே போட்டால் ஒன்றரை நாள் ஆனாலும் நடுவில் ஈரம். அப்போது கை கொடுத்ததுதான் அந்த மல் துணி. அகலச் சதுரமாக வெட்டி ஓரம் அடித்து, நீளவாக்கில் ஆறேழு மடிப்பாக மடித்துக் கவருக்குள் வைத்தேன். பிரித்துப் போட்டால் ஒற்றைத் துணி, ராத்திரி போட்டது காலையில் காய்ந்திருந்தது. ஒற்றைத் துணி என்பதால் உப்பும் சோப்பும் ஒளிந்துகொள்ள இடமில்லை, கொதிக்கவும் வைக்கலாம், அம்மாவுக்கும் சந்தோஷம். புதுப் பருத்தி முதலில் தண்ணீரை உறிஞ்சாது, நாலைந்து துவைப்பு ஆகவேண்டும். அதைத் தெரியாமல் ஒரு ராத்திரி மெத்தை நனைந்தது தனிக்கதை.

இப்போது கவர்கள் ஒன்பது, மல் துணி சதுரங்கள் இருபத்திநாலு, ராத்திரிக்கு இரண்டு சதுரம் சேர்த்து. வாடை இல்லை. போன வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தோம், மச்சான்தான் மடியில் வைத்திருந்தான், கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டுதான். துண்டு நனையவில்லை. அந்தப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் பட்டைகளில் இரண்டு கிரைண்டருக்கு அடியில் கிடக்கின்றன, மீதியில் நான் வண்டி துடைக்கிறேன். வண்டி துடைக்க அதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.