யார் வீட்டு வாய்க்கால்?

2023 செப்டம்பர் 7, வியாழன்

இன்று இரவு எட்டேகாலுக்கு நான் மெம்பர் ஆனேன். போஸ்டர் இல்லை, மைக்செட் இல்லை, யாருக்கும் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. மே மாதத் தேர்தலில் எங்கள் பாரிஷ் கவுன்சிலின், அதாவது ஊர் மன்றத்தின், 7 இடங்களுக்கு 5 பேர்தான் மனுப் போட்டார்கள். அதனால் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. மிச்ச இடங்களுக்கு, இருக்கிறவர்களே ஆள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது சட்டம். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது தலைவரிடம் மாட்டிக்கொண்டவள் நான்.

கிழக்கு இங்கிலாந்தில் 180 வீடு உள்ள கிராமம் இது. இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. "என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டாச்சே" என்று கேட்டுப் பார்த்தேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வைத்திருந்தால் உறுப்பினராகலாம் என்று கிளார்க் அம்மாள் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். தப்பிக்க வழியில்லை.

நம்மூர்க் கணக்கில் சொன்னால் கவுன்ட்டி என்பது மாவட்டம், டிஸ்ட்ரிக்ட் என்பது ஒன்றியம், பாரிஷ் என்பது ஊராட்சி. பாரிஷ் என்ற பெயர் தேவாலயப் பங்கிலிருந்து வந்ததுதான். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்க் காரியங்களைக் கோயிலிடமிருந்து பிரித்து, தேர்ந்தெடுத்த மன்றத்திடம் கொடுத்துவிட்டது. நம்முடைய தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. சரியாக நூறு வருடம். இதை வாட்ஸாப்பில் அப்பாவிடம் சொன்னால் உத்திரமேரூர் கல்வெட்டோடு வருவார் என்று நினைத்தேன். வந்தார். "பராந்தக சோழன் காலத்துலயே குடவோலை போட்டவங்கம்மா நாம." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சம்பளம் எவ்வளவு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "கமிஷன்?" அதுவும் இல்லை என்றதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

2023 அக்டோபர் 21, சனி

பேபெட் புயல். நேற்று முழுக்கக் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவின் பள்ளமான முனையில் முழங்கால் அளவுத் தண்ணீர். முனை வீட்டில் தனியாக இருக்கும் எண்பத்திரண்டு வயதுப் பாட்டியின் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. நானும் கணவரும் போய் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டோம். பாட்டி அழவில்லை, எங்களுக்கு டீ போட்டுத் தந்தார். "1987-க்கு அப்புறம் இப்போதுதான்" என்றார், ஏதோ உறவினர் வந்து போனதைச் சொல்வதுபோல.

மத்தியானத்துக்குள் எனக்கு 14 மின்னஞ்சல். எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: மெம்பர் என்ன செய்யப் போகிறீர்கள்?

என்ன செய்ய முடியும் என்று எனக்கே தெரியாததால் உட்கார்ந்து படித்தேன். பெரிய ஆறு சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. சாலையும் சாலையோரச் சல்லடைக் குழிகளும் கவுன்ட்டி. கழிவுக் குழாய் தண்ணீர்க் கம்பெனி. சாலையோர வாய்க்கால் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரருடையது. ஒரு மழைத்துளி கூரையிலிருந்து கடலுக்குப் போவதற்குள் நாலு கை மாறுகிறது. அந்த நாலில் பாரிஷ் கவுன்சில் இல்லை. ஆனால் மக்கள் கதவைத் தட்டுவது எங்களிடம்தான், ஏனென்றால் எங்கள் கதவு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

2023 நவம்பர் 2, வியாழன்

கூட்டம். வழக்கமாகப் பார்வையாளர் நாற்காலியில் ஒருவர் இருப்பார், அதுவும் ஹீட்டருக்காக. இன்று 31 பேர். பொதுமக்கள் பேச ஒதுக்கிய 15 நிமிடம் 50 நிமிடம் ஆயிற்று. 2021 பிப்ரவரியில் ஹாண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்ட வீடியோ உலகமெல்லாம் சுற்றியது நினைவிருக்கிறதா, "உங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை, ஜாக்கி வீவர்" என்று கூட்டத்தை நடத்த வந்த அம்மாளைப் பார்த்து ஒருவர் கத்துவாரே, அது? கொரோனாவுக்காகத் தந்த அந்த இணையவழிக் கூட்ட அனுமதி 2021 மே 7-ஓடு முடிந்துவிட்டது. இப்போது எல்லோரும் நேரில் வந்துதான் கத்த வேண்டும்.

எல்லோரும் கத்தி முடித்ததும் கிளார்க் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாரத்துக்கு ஆறு மணி நேரச் சம்பளம் அவருக்கு. வேலை செய்வது எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இரண்டு நிலங்களுக்கு நடுவில் புதர்வேலியும் வாய்க்காலும் சேர்ந்து ஓடினால், வாய்க்கால் யாருடையது? வேலி யார் பக்கமோ அவருடையது. காரணம் இது: அந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டியவன் தன் நிலத்தின் கடைசி விளிம்பில் வெட்டினான். தோண்டிய மண்ணை அடுத்தவன் நிலத்தில் போட முடியாது, அதனால் தன் பக்கமே கரையாகப் போட்டான். அந்தக் கரை மேல் வேலி வைத்தான். ஆக, எல்லை என்பது வாய்க்காலின் அந்தப் புறம். வேறு பத்திரம் இல்லாதவரை நீதிமன்றமும் இப்படித்தான் எடுத்துக்கொள்ளும். மண்ணை எந்தப் பக்கம் போட்டான் என்பதை வைத்து எல்லை சொல்கிற நியாயத்தை மன்னார்குடிப் பக்கத்து எந்த விவசாயியும் ஒரு நொடியில் ஒத்துக்கொள்வார்.

வாய்க்கால்காரர் தூர் வாராவிட்டால்? 1991-ஆம் ஆண்டு வடிகால் சட்டப்படி கவுன்ட்டி நோட்டீஸ் விடலாம். எங்களால் முடியாது. 1936 பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 260-ஆம் பிரிவில் மட்டும் ஒரு சந்து இருக்கிறது: தேங்கிய நீர், கழிவு கிடக்கும் குட்டையையோ வாய்க்காலையோ பாரிஷ் கவுன்சில் சுத்தம் செய்யலாம், அடுத்தவர் உரிமையில் கை வைக்காமல். அதாவது செலவு செய்ய அதிகாரம் உண்டு, செய்யச் சொல்ல அதிகாரம் இல்லை.

தீர்மானம்: வாய்க்காலை நடந்து பார்த்து, யார் யாருடையது என்று பட்டியல் எடுப்பது. நடப்பது யார்? எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

2023 நவம்பர் 19, ஞாயிறு

நடந்தேன். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு மூங்கில் குச்சி, கூடவே தலைவர். அவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், எதைப் பார்த்தாலும் நின்று பாடம் எடுப்பார். 600 மீட்டர் நடக்க இரண்டரை மணி நேரம்.

எங்கள் ஊர் வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும். இங்கே முட்புதர், இலைச் சேறு, ஒரு ஷாப்பிங் தள்ளுவண்டி. பக்கத்தில் கடையே இல்லாத ஊருக்கு அது எப்படி வந்தது என்பது தனி ஆராய்ச்சி. தலைவர் பழைய தசமபாக வரைபடத்தின் நகல் வைத்திருந்தார். தேவாலயத்துக்குத் தானியமாகக் கொடுத்த பத்தில் ஒரு பங்கைப் பணமாக்க 1836-இல் சட்டம் போட்டபோது ஊர் ஊராக வரைந்தது அது. நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த வாய்க்கால் அதில் ஒரு கோடாக இருக்கிறது. எங்கள் தெருவில் அப்போது மூன்றே வீடு.

அவரிடம் குடிமராமத்தைப் பற்றிச் சொன்னேன். மேட்டூர் திறப்பதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கியதை அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். வராதவர்களை வரவைக்க வெள்ளைக்காரர்கள் 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். "அங்கே கட்டாயப்படுத்தினீர்கள், இங்கே கடிதம் எழுதுகிறீர்கள்" என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். கோபமோ என்று பார்த்தால், சட்டத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டியல்: பெரும்பகுதி ஒரே விவசாயியுடையது. மிச்சம் ஏழு வீடுகள். எங்கள் வீட்டு முன்னால் ஓடும் துண்டையும் சேர்த்துத்தான் ஏழு. அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது.

2024 ஜனவரி 3, புதன்

நேற்று ஹெங்க் புயல். ஊறிக் கிடந்த மண்ணில் மறுபடியும் மழை. ராத்திரி பதினொன்றரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போனேன். கணவர் ஜன்னலிலிருந்து, "மெம்பரம்மா, அப்படியே தெருவிளக்கும் போட்டுக் குடுங்க" என்றார். இந்தத் தெருவில் விளக்கே கிடையாது.

மேலே விவசாயியின் பகுதியில் கரை தட்டி ஓடுகிறது. கீழே, எங்கள் வீட்டைத் தாண்டி, கணுக்கால் அளவுதான். மேலே வெள்ளம், கீழே வறட்சி. நடுவில் இருப்பது எங்கள் கார் போகும் பாதை. அதன் அடியில், முந்தைய வீட்டுக்காரர் எப்போதோ வாய்க்காலை மூடிப் புதைத்த குழாய். குனிந்து டார்ச் அடித்தேன். என் உள்ளங்கையை விரித்தால் குழாய் வாயை முக்கால்வாசி மூடிவிடலாம். 150 மில்லிமீட்டர். நிறைந்த தண்ணீர் எங்கள் பாதையைச் சுற்றிக்கொண்டு, சாலையில் ஏறி, நேராகப் பாட்டி வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மாதமாக ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

2024 ஜனவரி 11, வியாழன்

காலையிலேயே கிளார்க் அம்மாளுக்கு போன் செய்து ஒப்புக்கொண்டேன். "நல்லது" என்றார், திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வரவு செலவுக் கூட்டம். எங்களுடைய வருமானம் வீட்டு வரியோடு சேர்த்து டிஸ்ட்ரிக்ட் வசூலித்துக் கொடுக்கும் ஒரு தொகை, அதற்கு ப்ரீசெப்ட் என்று பெயர். எவ்வளவு வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். புல் வெட்ட, இடுகாட்டைப் பராமரிக்க, காப்பீடு, கிளார்க் சம்பளம், பழைய டெலிபோன் கூண்டில் வைத்திருக்கும் இதய அதிர்வுக் கருவிக்குப் புது பேட்டரி. இந்தக் கூண்டு டெலிபோன் கம்பெனியிடம் 1 பவுண்டுக்கு வாங்கியது. வீட்டுக்கு வருடம் 3 பவுண்ட் கூட்டலாமா என்று 40 நிமிடம் சண்டை. கூட்டினோம்.

அடுத்து வாய்க்கால். எழுந்து நின்று, இதில் என் சொத்து சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அறிவித்தேன். 2011 உள்ளாட்சிச் சட்டப்படி, பணத்தொடர்பு உள்ள விஷயத்தில் உறுப்பினர் பேசவோ ஓட்டுப் போடவோ கூடாது. மீறினால் குற்ற வழக்கு. எங்கள் மன்ற விதிப்படி அறையிலும் இருக்கக் கூடாது. வெளியே போய் ஹாலின் சமையல் மூலையில், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். சுவர் மெல்லியது. என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நன்றாகக் கேட்டது. யாரும் தப்பாகப் பேசவில்லை. நாய்க்கழிவுத் தொட்டி விஷயத்தில் என்னோடு எப்போதும் மல்லுக்கட்டும் ஒருவர்தான், "அந்தக் குழாயை அவள் வைக்கவில்லையே" என்றார். அவரை எனக்குப் பிடிக்காது. இனிமேல் அதைத் தொடர்வது கஷ்டம்.

எனக்கு வந்த கடிதம் மற்ற ஆறு வீட்டுக்கும் போன அதே கடிதம். என் நடையில், நான் எழுதிக் கொடுத்த வாசகம். "தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்."

2024 பிப்ரவரி 24, சனி

விவசாயி இயந்திரத்தோடு வந்தார். மார்ச்சில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு வேலியில் கை வைக்க மாட்டார். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை பாதி அழுகிவிட்டது. வாய்க்காலைத் தூர் வாரினால் தனக்கும் நல்லதுதான் என்றார். அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லை. காலையில் ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்துவிட்டார். அள்ளிய சேற்றை எல்லாம் தன் நிலத்துப் பக்கமே போட்டார். தலைவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

2024 மார்ச் 20, புதன்

வாய்க்கால் குழாயை மாற்ற கவுன்ட்டியின் அனுமதி வேண்டும். 50 பவுண்ட் கட்டணம், இரண்டு மாதத்துக்குள் பதில். வந்துவிட்டது.

2024 ஏப்ரல் 6, சனி

பாதையை உடைத்து 450 மில்லிமீட்டர் குழாய் போட்டோம். இந்த வருடம் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம் அதற்குள் போயிற்று. கணவர் இரண்டு நாளாக அளந்துதான் பேசுகிறார். அப்பாவிடம் சொன்னதும் ஒரு நிமிடம் மௌனம். "மெம்பரா இருந்து கைக்காசு போட்டு வாய்க்கால் வெட்டினது நீ ஒருத்திதாம்மா." பெருமையா, கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

2024 மே 9, வியாழன்

வருடாந்திரப் பொதுக்கூட்டம். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில், மாலை 6 மணிக்கு முன்னால் தொடங்காமல் நடத்த வேண்டும், ஊர் வாக்காளர்கள் யாரும் வந்து பேசலாம். 31 பேர் வந்த ஹாலில் இன்று நாலு பேர். 2022 அக்டோபரிலிருந்து இந்த மார்ச் வரையான 18 மாதத்தில் இங்கிலாந்தில் பெய்த மழை 1836 முதல் உள்ள கணக்கிலேயே அதிகம் என்று தலைவர் படித்துக் காட்டினார். நாலு பேரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாய்க்கழிவுத் தொட்டிக்கு வந்தார்கள். அதிலேயே ஒன்றேகால் மணி நேரம்.

பாட்டி வந்திருந்தார், ஹீட்டர் பக்கத்து நாற்காலியில். வாய்க்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என் கையில் ஒரு ஜாம் பாட்டில் கொடுத்து, காலி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் தினமும் பார்க்கிறேன். இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத்துப் புல் தெரிகிறது. நடுவில் ஒரு டென்னிஸ் பந்து. எங்கள் நாயுடையது. நாளைக்குக் குச்சி எடுத்துப் போய்த் தள்ள வேண்டும்.