இரும்புச் சிலுவை: வளையத்து எழுத்து ஒருவழியாகப் பிடிபட்டது

1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு; முதல் உலகப்போரில் ஜெர்மன் வீரர்களுக்குக் கொடுத்த பதக்கம். ரிப்பன் கோக்கும் வளையத்தில், செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறது என்பது வாங்கிய அன்றே தெரியும். என்ன எழுத்து என்றுதான் தெரியாமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி பிடிபட்டுவிட்டது: ‘கேஓ’. பெர்லின் அரச நாணயச்சாலையின் முத்திரை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சக சேகரிப்பாளர்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

காந்தம், அளவு, எடை எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. காந்தம் ஒட்டியதுமே அசல் என்று தீர்ப்பு எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது விளிம்பை. நடுவில் இரும்பு, அதன் இருபுறமும் வெள்ளிச் சட்டகத்தின் இரண்டு பாதிகள், ஓரத்தில் பற்றவைப்பு. இந்த மூன்று துண்டு வேலை அச்சில் ஒரே வார்ப்பாக ஊற்றிய போலியில் இருக்கவே இருக்காது. ஆனால் நல்ல பட்டறை ஆட்கள் ஒட்டை அப்படி இழைத்துவிடுவார்கள், பத்து மடங்கு லென்ஸில்கூட ஓரிரு இடத்தில்தான் கோடு தெரியும். என்னுடையதில் கீழ்க் கையின் அடியில் மட்டும் மயிரிழைபோல் ஒரு கோடு.

அப்புறம் சட்டகத்தின் உள் ஓரத்து முத்து வரிசை, அதாவது வெள்ளியிலேயே முத்துபோல் எழும்பி நிற்கும் சிறு புள்ளிகள். அசலில் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக நிற்கும். வார்ப்பில் பக்கத்து முத்தோடு குழைந்து கிடக்கும். முத்துகளின் தலை தேய்ந்து பளபளக்க, இடுக்குகளில் வெள்ளி கறுத்திருந்தால் அந்தக் கறுப்பு நூறு வருஷத்துக் கறுப்பு. ரசாயனத்தில் முக்கிக் கறுப்பாக்கியது மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கத்து மூவிலை ஓக் கிளையில் இலை நரம்புகள் கூராக இருக்கின்றன. முன்பக்கத்தில் ‘டபிள்யூ’ எழுத்தின் மேட்டில் மட்டும் கறுப்பு வண்ணம் உரசிப்போய் இரும்பு எட்டிப் பார்க்கிறது. தேய வேண்டிய இடத்தில் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வேண்டும்.

சரி, வளையத்துக்கு வருகிறேன். எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அதிலும் பாதியை அழுக்கு அடைத்திருந்தது. தண்ணீர் பக்கமே போகக் கூடாது, சட்டகத்துக்குள் கசிந்தால் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெள்ளி பாலிஷ் என்ற பேச்சே வேண்டாம். மரப் பல்குத்தியின் நுனியைச் சீவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாகத் தொட்டு, வளையத்தில் மட்டும் மெதுவாக ஒற்றினேன். நடு இரும்பின் வண்ணத்தில் அது பட்டுவிடக் கூடாது என்பதால் சிலுவையை டிஷ்யூவில் சுற்றி வளையத்தை மட்டும் வெளியே விட்டிருந்தேன். அழுக்கு போயும் எழுத்து வரவில்லை. காரணம் வெளிச்சம். நேராக விளக்கு அடித்தால் வெள்ளி முழுக்க ஒரே பளீர். போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, முன்னால் டிரேசிங் தாளை வைத்து, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு கோணத்தில் ‘ஓ’வின் உட்குழியில் நிழல் விழுந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் ‘கே’யின் சாய்ந்த கால் எழுந்து நின்றது.

இதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. வளையம் என்பது கழற்றி மாட்டக்கூடிய பொருள். நல்ல முத்திரை உள்ள வளையத்தைச் சாதாரணச் சிலுவையில் மாட்டி விலையை ஏற்றுவது சந்தையில் நடக்கிற வேலைதான். அதனால் முத்திரையை நான் கடைசியில்தான் நம்புவேன். கிரீடத்தின் வளைவு, 1914 என்ற எண்ணில் 4-இன் கால், முத்து வரிசை மூலையில் சேரும் விதம், எல்லாம் அதே பட்டறையின் மற்றச் சிலுவைகளோடு ஒத்துப்போக வேண்டும். கிரீடமும் எண்களும் ஒத்துப்போகின்றன. மூலைகளை இன்னும் ஒப்பிட்டு முடிக்கவில்லை.

ரிப்பனைப் புற ஊதா விளக்கில் காட்டினேன். வெள்ளை ஓரம் நீலமாக ஒளிரவில்லை, நல்ல அறிகுறி. ஒளிர்ந்தாலும் உடனே போலி என்று தூக்கிப் போட வேண்டாம். இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் யாராவது துவைத்திருந்தாலும் ஒளிரும். பதக்கம் வைக்க அமிலமில்லாத் தாள் உறை வாங்க வேண்டும். போனமுறை ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிசுபிசுவென்று வெள்ளியில் ஒட்டிக்கொண்டது. இனி நாணயச் சேகரிப்பாளர்களுக்கான உறைதான்.

இரண்டாம் வகுப்பு சுமார் 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. அதனால்தான் வழங்கல் சான்றிதழோடு வருகிற சிலுவையும், ஒரே ஆளின் பதக்கங்கள் வரிசையாகத் தைத்த பட்டையும் எனக்குப் பெரிய விஷயம். அந்தப் பட்டையைப் பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்கள் பாருங்கள், ஒரு மனிதன் எந்தெந்தப் போரில் இருந்தான் என்கிற ஒரே ஆதாரத்தை நாலு காசுக்கு அழிக்கிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

அடுத்து 1870–71 பிராங்கோ-பிரஷ்யப் போர்ப் பதக்கம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. போரிட்டவர்களுக்கானது, பிடிபட்ட பிரெஞ்சுப் பீரங்கி வெண்கலத்தில் செய்தது, அந்தச் செய்தி விளிம்பிலேயே எழுதியிருக்கும். 1934-இல் தொடங்கிய உலகப்போர்க் கௌரவச் சிலுவையில் வாள் உள்ளதும் வாள் இல்லாததும் என்னிடம் இருக்கின்றன. கணவனையோ மகனையோ பறிகொடுத்தவர்களுக்குக் கொடுத்த கறுப்புச் சிலுவைதான் இன்னும் கிடைக்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பல் மாலுமி ஒருவரின் சான்றிதழ் என்றைக்காவது கிடைத்தால், அன்றைக்கு மற்றதையெல்லாம் விற்கவும் தயார்.

இப்போதைக்கு மூலை ஒப்பீடு பாக்கி. கேஓ முத்திரைச் சிலுவை வைத்திருப்பவர்கள் மேல் கையின் உள்மூலைகளைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் உதவாது.