சவரம் காணாத பீல்டு மார்ஷல்

மதியம் டீ குடிக்கும்போது இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் தளபதி பவுலஸின் படம் ஒன்று போனில் கண்ணில் பட்டது. சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட நேரத்தில் எடுத்தது. நீண்ட கோட்டு, சவரம் காணாத முகம், குழிவிழுந்த கண்கள்.

கையுறை இல்லாமல் வெளியே வராத மனிதராம் இவர்!

சோவியத் மீதான ஜெர்மன் படையெடுப்புக்குத் திட்டம் தீட்டியவர்களில் ஒருவர். வரைபடத்தில் புலி. ஆனால் 1942-இல் ஜெர்மனியின் 6-ஆம் ராணுவம் கைக்கு வரும்வரை ஒரு டிவிஷனைக்கூட நடத்தியதில்லை.

1943 ஜனவரி 30. ஹிட்லர் ராணுவத்தின் உச்சப் பதவியான பீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார். அதுவரை எந்த ஜெர்மன் பீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை. புரிந்துகொள், செத்துப்போ!

மறுநாள் ஒரு பல்பொருள் அங்காடியின் அடித்தளத்திலிருந்து நடந்து வந்தார்.

சரி, சாகாததைக் குறை சொல்ல மாட்டேன். நவம்பரில் சுற்றிவளைக்கப்பட்டபோதே மீறியிருக்க வேண்டிய, ‘இடத்தைவிட்டு நகராதே’ என்ற ஹிட்லரின் உத்தரவை ஜனவரிக் கடைசியில் மீறினாரே, அதுதான் உறுத்துகிறது. சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000. ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000. அவர் 1953-இல் விடுதலையாகி டிரெஸ்டனில் குடியேறினார்.